புத்தகமும் முதுகும்

எனக்கு நாற்பத்தைந்து வயது முடிந்துவிட்டது. எழுதிப் பிழைக்கிறவன், ஆகவே படித்தும் பிழைக்கிறவன். ஆறு மாதமாக ஒரு தொல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு கதாநாயகி அழுதாலும் சரி, ஆற்றில் விழுந்தாலும் சரி, என் கவனமெல்லாம் என் கழுத்தில்தான் இருக்கிறது.

சும்மா இருக்கவில்லை. எல்லாப் பிரயத்தனமும் செய்து பார்த்தேன். சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன்; பத்தாவது பக்கத்தில் தூக்கம் வந்தது. கட்டிலில் மல்லாந்து படுத்துப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன், கை கடுத்தது. சற்றுக் கண் அயர்ந்தபோது அறுநூறு பக்க நாவல் மூக்கின்மேல் விழுந்தது. குப்புறப் படுத்தால் முழங்கை நோகிறது. ஒருக்களித்துப் படுத்தால் இடப்பக்கம் நன்றாகத் தெரிகிறது. வலப்பக்கம் கூரையைப் பார்க்கப் போய்விடுகிறது. அதைப் படிக்க மறுபுறம் புரள வேண்டும். இப்படிப் பக்கத்துக்கு ஒரு புரளல் புரண்டு ஒரு நாவலை முடிப்பதற்குள், கோயில் பிராகாரத்தில் அங்கப் பிரதட்சிணம் செய்த புண்ணியமே கிடைத்துவிடும்.

டாக்டர் நண்பர் ஒருவரிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்கள் தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. அது நேராக நிற்கும்வரை கழுத்துக்குப் பாரம் தெரியாது. நீங்கள் குனியக் குனியப் பாரம் பல மடங்கு ஏறும்." 1960களில் ஸ்வீடன் தேசத்து மருத்துவர் நாக்கெம்சன் என்பவர் மனிதர்களின் முதுகுத் தட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தாராம். படுத்திருக்கும்போது மிகக் குறைவு; நிற்கும்போது கொஞ்சம் அதிகம்; முன்னால் வளைந்து உட்காரும்போது அதைவிட அதிகம். "அப்படியானால் எப்படித்தான் படிப்பது?" என்று கேட்டேன். "எப்படி வேண்டுமானாலும் படியுங்கள். ஆனால் ஒரே மாதிரி வெகுநேரம் இருக்காதீர்கள்" என்றார். இதற்கு அவர் என்னிடம் பணம் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு யோசனை வந்தது. எனக்கு முன்னால் இத்தனை நூற்றாண்டுகளாக நம் ஜனங்கள் படித்திருக்கிறார்களே, அவர்கள் எப்படி உட்கார்ந்து படித்தார்கள்? அவர்களுக்குக் கழுத்து இல்லையா? அந்த யோசனையின் பின்னால் போனேன். அது என்னைக் கடைசியில் என் சொந்த ஊருக்கே கொண்டுபோய் நிறுத்தியது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஏட்டுச்சுவடி. பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, கீறிய கோட்டில் கரியும் இலைச்சாறும் தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதும் கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் நாம் இன்று காணும் வேற்றுமை வீரமாமுனிவர் காலத்தில், அதாவது பதினெட்டாம் நூற்றாண்டில்தான் ஏற்பட்டது. இப்படிப்பட்ட எழுத்தைக் கண்ணால் மட்டும் படிக்க முடியாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் எங்கே சொல் முடிகிறது, எங்கே அடி முடிகிறது என்பது காதுக்குப் புலப்படும். வீணையையும் வாசிக்கிறோம், புத்தகத்தையும் வாசிக்கிறோம் என்று நாம் சொல்வது சும்மா வந்த வழக்கமாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டிலும் சத்தம் உண்டு.

ஏட்டைப் படிக்க இரண்டு கையும் வேண்டும். கயிற்றில் கோத்த ஓலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆகவே சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி உட்காருவதைத் தவிர வேறு வழி இல்லை. வாய்விட்டுப் பாடுவதற்கும் அதுதான் வசதி. மார்பு ஒடுங்கினால் குரல் வராது. நம் முன்னோர் நேராக உட்கார்ந்தது சுகாதார விதி தெரிந்ததனால் என்பதைவிட, ஓலை அப்படி உட்காரவைத்தது என்று சொல்வதே பொருந்தும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ. வே. சாமிநாதையர் பாடம் கேட்ட கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. பாடம் "கேட்டார்" என்றுதான் சொல்லுகிறோம், படித்தார் என்பதில்லை. ஒருவர் படிப்பார், ஆசிரியர் பொருள் சொல்லுவார், மற்றவர்கள் கேட்பார்கள். 1876-ஆம் வருஷம் திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் உயிர் பிரியும் நேரத்தில் மாணாக்கர் ஒருவர் அவரைத் தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதையர் அருகில் இருந்து திருவாசகம் படித்தார். வாழ்நாளெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து தமிழ் சொன்னவர், கடைசியில் ஒருவர்மேல் சாய்ந்துகொண்டு தமிழ் கேட்டார். படிப்பதற்கு ஏற்ற நிலை எது என்று என்னைக் கேட்டால் முதலில் இந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது.

ஏடு போய் அச்சுப் புத்தகம் வந்தபோதும் உட்காரும் விதம் உடனே மாறிவிடவில்லை. தமிழில் முதல் அச்சுப் புத்தகம் 1578-இல் கொல்லத்தில் வந்தது. ஆனால் இந்தியர்கள் தாராளமாக அச்சுக்கூடம் வைத்துக்கொள்ள 1835 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் புத்தகம் சாதாரண வீட்டுக்குள் வந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு அது வந்த ரூபம் "பெரிய எழுத்து" என்பது. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை என்று சென்னையில் இரத்தின நாயகர் ஸன்ஸ் முதலியோர் போட்ட மலிவுப் பதிப்புகள். எழுத்து ஏன் பெரிசு? இதற்குப் பதில் அந்தப் புத்தகங்கள் படிக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. புத்தகம் தரையிலோ வியாசபீடத்திலோ இருக்கும். முசல்மான் வீடுகளில் குர்ஆன் ஓதுவதற்கு வைப்பார்களே, அந்த மடக்குப் பலகையைப் போன்றதுதான் வியாசபீடமும். பக்கத்தில் ஒரு எண்ணெய் விளக்கு. படிக்கிறவர் சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து ராகம் போட்டுப் படிப்பார். கண்ணுக்கும் புத்தகத்துக்கும் இரண்டடி தூரம். சுற்றிலும் பத்துப் பேர். சிற்றெழுத்தாக இருந்தால் குனிய வேண்டும். குனிந்தால் குரல் போய்விடும். ஆக, அச்சுக்கோப்பவர் பெரிய எழுத்தைக் கையில் எடுத்தபோது, தமக்குத் தெரியாமலே ஒருவருடைய கழுத்தைக் காப்பாற்றினார்.

மழை பொய்த்துவிட்டால் விராட பருவம் வாசிப்பது பழைய வழக்கம். எங்கள் கரிசல் பூமியில் மழை பொய்ப்பதுதான் வழக்கம் என்பதால் விராட பருவத்துக்கு வேலை அதிகம். மேகம் கேட்க வேண்டுமென்றால் உரக்கத்தானே படிக்க வேண்டும்?

படுத்துக்கொண்டு மனத்துக்குள் படிக்கும் பழக்கம் நம் வீடுகளில் பரவியது நாவல் வந்த பிறகு என்று நினைக்கிறேன். வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. நாவலில் ராகம் போட இடமில்லை; ஒருவர் ரகசியம் இன்னொருவருக்கு மட்டும் சொல்லப்படுகிறது. மேல்நாட்டிலும் மௌனமாகப் படிப்பது ஒரு காலத்தில் அதிசயமாகத்தான் இருந்திருக்கிறது. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் மிலான் நகரத்துப் பிஷப் அம்புரோஸ் வாய் அசையாமல் படிப்பதைப் பார்த்து அகஸ்டின் வியந்து எழுதி வைத்திருக்கிறார். பின்னால் அங்கே புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்தில் ஹியர்போர்டு மாதாகோயிலில் அப்படிப்பட்ட நூல்நிலையம் இன்றும் இருக்கிறது. சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் வாசகருடைய சௌகரியம்!

இதுவரை சொன்னதைப் பார்த்தால், படிக்கிறவனின் உடம்பைத் தீர்மானித்தது ஓலை, விளக்கு, எழுத்து, சங்கிலி ஆகியவையே என்று தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டு திருப்தியாக இருந்தேன். ஆனால் விருதுநகரைப் பற்றி யோசித்தபோது அந்தத் திருப்தி போய்விட்டது. முதுகை எப்படி வைத்துக்கொள்வது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, உட்கார இடம் கொடுப்பார்களா என்பது.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை நாம் மிகவும் பிரியமாக நினைத்துக்கொள்கிறோம். மணலில் விரலால் எழுதுவது, சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, எல்லாரும் சேர்ந்து முறை சொல்லுவது எல்லாம் அழகான விஷயங்கள்தான். அதன் பெருமை கடல் கடந்தும் போயிற்று. 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதையே தம் பள்ளியில் கையாண்டார். ஊர் திரும்பி 1797-இல் புத்தகமும் எழுதினார். "மதராஸ் முறை" என்ற பெயரால் இங்கிலாந்துக் குழந்தைகள் மணல் தட்டில் எழுதப் படித்தார்கள். மணல் அவ்வளவு தூரம் போயிற்று. ஆனால் நம் ஊரில் அதே திண்ணையில் ஏறி உட்கார அடுத்த தெருப் பிள்ளைக்கு உரிமை கிடையாது. திண்ணை ஒருவர் வீட்டுத் திண்ணை. அந்த வீட்டாருக்குச் சம்மதமான ஜாதிப் பிள்ளைகள்தான் அதில் உட்காரலாம். எட்ட நின்று காதில் விழுந்ததைக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்கு முதுகு வலித்ததா என்று யாரும் கேட்டதில்லை.

விருதுநகருக்கு முன்பு விருதுபட்டி என்று பெயர். 1923-இல் விருதுநகர் ஆயிற்று. அங்கேயும் சிவகாசியிலும் வியாபாரத்தால் மேலே வந்துகொண்டிருந்த நாடார் சமூகத்தார்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல கோயில்களின் வாசல் அடைத்திருந்தது. உள்ளே போக உரிமை கேட்டதன் பேரில் கமுதியில் 1897-இல் தொடங்கிய வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை போயிற்று. 1899-இல் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டு வீடுகள் எரிந்தன. இந்தப் பின்னணியில்தான் விருதுநகரில் 1880களில் ஏற்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலையை வைத்துப் பார்க்க வேண்டும். வியாபாரிகள் தங்கள் கொள்முதலிலும் விற்பனையிலும் ஒரு சிறு பங்கை "மகமை" என்று பொதுவில் சேர்த்தார்கள். வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டார்கள். பிடி அரிசி வீடு வீடாகச் சேர்ந்து பணமாயிற்று; பணம் பள்ளிக்கூடமாயிற்று.

அந்தப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் 1903-இல் பிறந்த காமராஜ். தகப்பனார் இறந்ததனால் பாதியில் படிப்பை விட்டுவிட்டுத் துணிக்கடையில் நின்றவர். நின்றவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன், கடையில் நிற்கப் போனான். பின்னால் 1954-இல் அவர் முதல் மந்திரியானார். பள்ளிப் பிள்ளைகளுக்கு 1956-இல் மத்தியான உணவு வந்ததும், சின்னச் சின்ன ஊர்களில் பள்ளிகள் திறந்ததும் அவர் காலத்தில். பிடி அரிசியில் படித்தவர், ராஜ்யத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு பிடி சோறு போட்டு உட்காரவைத்தார். பசித்த பிள்ளை எந்த ஆசனத்தில் உட்கார்ந்தாலும் எழுத்து தெரியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

புத்தக விஷயத்திலும் பிடி அரிசி மாதிரி ஒரு காரியம் நடந்தது. 1931-இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அதே வருஷம் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, புத்தகம் பயன்படுவதற்கே என்பது. அவருடைய முயற்சியால் 1948-இல் சென்னை ராஜ்யத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகை சேர்த்து வசூலிக்கிறார்கள். அந்தப் பணத்தில்தான் ஊர்ப்புறக் கிளை நூலகத்து நாற்காலி வாங்கப்படுகிறது. அந்த நாற்காலியைப் பற்றி எனக்கு எவ்வளவோ புகார் உண்டு. ஆனால் அதில் உட்கார யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பதை இப்போது புகாரோடு சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

இனி என் வீட்டுக் கதை.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு மறு வருஷம் திரும்பினார்கள். மழை இல்லாத ஊருக்கு அது ஒரு தொழில் ஆயிற்று. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. பிறகு காலண்டர், டயரி, நோட்டுப் புத்தகம் என்று அச்சுத் தொழில் பெருகிற்று. நம் ராஜ்யத்துப் பிள்ளைகள் எழுதிய நோட்டுகளில் எத்தனையோ சிவகாசியில் கோடு போட்டவை. அந்த ஊர்களிலேயே நோட்டு வாங்கிப் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் எத்தனையோ.

என் அக்கா அப்படிப்பட்ட பிள்ளை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக ஆரம்பித்தாள். அது எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அந்த நாளில் ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இருக்கவில்லை. இருட்டோடு கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் ஏறுவார்கள். பள்ளம் போட்ட சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கும் வேலை. கட்டை அடுக்குவது என்று சொல்லுவோம். தரையில் குந்தி, முன்னால் குனிந்து, இருட்டும்வரை. டாக்டர் நண்பர் சொன்ன கணக்குப்படி முதுகுக்கு மிக அதிகமான பாரம் தரும் நிலை அது. அக்காளின் முதுகு இந்தக் கணக்கைப் பத்து வயதிலேயே கற்றுக்கொண்டது.

அவள் அடுக்கிய கட்டைக் கூலியில் நான் பள்ளிக்கூடம் போனேன். இதை நான் மேடையில் சொல்வதில்லை. இங்கே சொல்லாமல் போக முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் வேறு வேலை. பட்டாசுக்குக் குழாய் சுருட்டுவது. மருந்து கிடையாது, வெறும் காகிதக் குழாய். அதனால் வீட்டில் விளக்கடியில் வைத்துச் செய்யலாம். கழிவுக் காகிதம் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். பழைய பேப்பர், பரீட்சைத் தாள், கணக்குப் புத்தகம், யாரோ எடைக்குப் போட்ட கதைப் புத்தகம் எல்லாம் அளவாக நறுக்கி வரும். கம்பியில் சுற்றி, பசை தடவி, உருட்டி எடுத்தால் ஒரு குழாய். தீபாவளி மறுநாள் தெருவில் கிடக்கும் காகிதத் துண்டுகளில் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இப்படி வந்தவைதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும்; 1989 வாக்கில். நாற்பது வாட் பல்புக்குக் கீழே அம்மாவும் அக்காளும் சுருட்டுவார்கள். நான் தாள்களை எடுத்துக் கொடுப்பேன். கொடுக்குமுன் அதில் உள்ளதைப் படித்துக் காட்ட வேண்டும். அது அக்கா போட்ட சட்டம்.

"என்ன எழுதியிருக்குன்னு சொல்லிட்டுக் கொடு, தம்பி. சும்மா சுருட்டினா கை நோகுது."

கையெழுத்துத் தாளானால் கணக்கோ சரித்திரமோ இருக்கும். அதைக் கூட அவள் கேட்டுக்கொள்வாள். கதைத் தாள் வந்துவிட்டால் வேலை விறுவிறுப்பாக நடக்கும். ஒரு பக்கத்தில் ஒருத்தி கிணற்றடியில் நிற்பாள். அடுத்த தாள் வேறு புத்தகம். அவள் கிணற்றில் விழுந்தாளா, வீட்டுக்குத் திரும்பினாளா என்பது தெரியாது.

"அப்புறம் என்ன ஆச்சு? தேடிப் பாருடா."

"அவ்வளவுதான் அக்கா இருக்கு."

"நீ படிச்சவன்தானே? என்ன ஆயிருக்கும்னு சொல்லு."

நான் சொல்லுவேன். கிணற்றடியில் நின்றவளை வீட்டுக்கு அனுப்புவேன். மாமியார்க்குப் புத்தி வரவழைப்பேன். நாடு கடத்திய ராஜகுமாரனைக் குதிரைமேல் ஏற்றி மீட்டு வருவேன். சில முடிவுகளை அக்கா ஒப்புக்கொள்ள மாட்டாள். "அப்படி எல்லாம் நடக்காது. மாத்திச் சொல்லு" என்பாள். மாற்றிச் சொல்லுவேன். கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் பணமில்லாமல் திரும்பி வந்தவன் நான். கதை எழுத எங்கே கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால் நான் பெரிய பெரிய ஆசிரியர்களின் பெயர்களைச் சொல்லுவது உண்டு. உண்மையான இடம் அந்தப் பல்புக்கடி.

கை வேலை செய்துகொண்டிருக்கக் காது படிக்கும் இந்த ஏற்பாடு எங்கள் வீட்டில் மட்டும் இருந்ததல்ல என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கியூபா தீவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் இதற்கென்றே ஆள் வைத்தார்கள். ஹவானாவில் தொடங்கிய வழக்கம். தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் சேர்த்து அவருக்குக் கொடுப்பார்கள். அவர் உயரமான மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் படிப்பார்; நூற்றுக்கணக்கான பேர் இலை சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். நமக்குப் பக்கத்தில் மலையாளத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளிகளிடமும் இந்த வழக்கம் இருந்தது. ஒருவர் பேப்பர் படிப்பார். அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுருட்டிக் கொடுப்பார்கள். பிடி அரிசி, மகமை, நூலக வரி, ஒரு பிடி பீடி எல்லாம் எனக்கு ஒரே ஜாதியாகத் தோன்றுகின்றன. ஒருவன் உட்கார்ந்து படிக்க வேண்டுமானால், பலர் ஆளுக்குக் கொஞ்சம் தங்கள் பங்கிலிருந்து எடுத்து வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆளுக்குக் கொஞ்சம் இல்லை. ஒருத்தியே எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள்.

குழந்தைத் தொழிலைத் தடுக்கவும் முறைப்படுத்தவும் 1986-இல் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிற்று. அக்காளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. தீர்ப்பு அவளைத் தாண்டிப் போய்விட்டது. ஆனால் அதற்கு முன்பே, அந்தப் பத்தாண்டின் ஆரம்பத்தில், அறிவொளி இயக்கம் வந்தது. தமிழ்நாட்டில் மாவட்டம் மாவட்டமாக, பகலில் வேலை செய்கிறவர்களுக்கு இரவில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த இயக்கம். புதுக்கோட்டையில் 1991 வாக்கில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டது எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊரில் சாவடியில் வகுப்பு நடந்தது. அக்கா போனாள். மற்றப் பெண்கள் தரையில் உட்கார்ந்து எழுதுவார்கள். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சிலேட்டில் எழுதுவாள். பகலெல்லாம் குந்திய முதுகு, இரவில் மறுபடியும் உட்கார ஒப்பவில்லை. முழு ஆறு மாதம் நின்றே கற்றுக்கொண்டாள். அப்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. எல்லாரும் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் ஏன் நிற்கிறாள் என்று நினைத்தேன். பையன் புத்தி.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்காளுக்கு இப்போது ஐம்பத்து நாலு வயது. போன தடவை என் நாவல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். நல்ல கெட்டி அட்டை, தையல் பைண்டிங். அதை எப்படிப் படிக்கிறாள் என்று பார்க்கும் ஆவலோடு வீட்டுக்குள் நுழைந்தேன். திண்ணையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கையில் ஒற்றைத் தாள். தலைமாட்டில் அரிசி அளக்கும் படிக்குக் கீழே, காற்றில் பறக்காதபடி, தாள்கள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் என் புத்தகத்தின் அட்டை வெறுங்கூடாகக் கிடந்தது.

"என்ன அக்கா இது?" என்றேன். குரலில் கோபம் வந்திருக்க வேண்டும்.

"உன் புஸ்தகம் ரொம்பக் கனம்டா, தம்பி. படுத்துக்கிட்டுத் தூக்க முடியல. அதான் தையலைப் பிரிச்சிட்டேன். இப்போ நல்லாயிருக்கு பாரு."

நன்றாகத்தான் இருந்தது. ஒரு தாள், கனமில்லை. முன்பக்கம் படித்துத் திருப்பிப் பின்பக்கம் படிக்கலாம், புரள வேண்டியதில்லை. ஏட்டுச்சுவடியையும் பட்டாசுத் தாளையும் சேர்த்து அவள் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஆறு மாதமாக நான் நாற்காலி மாற்றி நாற்காலி தேடியதைச் சொன்னேன். சிரித்தாள். பக்கத்தில் பாயை உதறிப் போட்டு, "நீயும் படு" என்றாள்.

படுத்துக்கொண்டு, அவள் படித்து வைத்த தாள்களிலிருந்து ஒன்றை எடுத்தேன். கழுத்து வலிக்கவில்லை. சிறிது நேரம் கழித்துக் கேட்டேன்: "தாளெல்லாம் கலைந்து போகாதா அக்கா?"

"கலைஞ்சா என்ன, நம்பர் போட்டிருக்கே. பிரிச்ச உடனே மொதல்ல கடைசித் தாள் இருக்கான்னு பார்த்துட்டேன். அதைத் தனியா எடுத்துப் பெட்டியில வெச்சிருக்கேன்" என்றாள்.